மேல வெயில், கீழ வெயில், நடுவுல மேகம்

நிலக்கோட்டை தாண்டி வத்தலக்குண்டு ரோட்டுல போகும்போது எதிர்ல கொடைக்கானல் மலை தெரியும். ஐப்பசி பிறந்ததுல இருந்து தை முடியுற வரைக்கும் அந்த இடத்துல வண்டியைக் கொஞ்சம் மெதுவாக்கி மலையைப் பார்த்துட்டுத்தான் போவேன். உச்சி வரைக்கும் தெளிவாத் தெரிஞ்சா ஒரு கணக்கு. அடிவாரமும் தெரியுது, உச்சியும் தெரியுது, இடுப்புல மட்டும் வெள்ளையா ஒரு பட்டை நிக்குதுன்னா அது வேற கணக்கு. பின்னாடி உட்கார்ந்திருக்கிறவங்க அந்தப் பட்டையைப் பார்த்துட்டு போட்டோ எடுப்பாங்க. இன்னும் ஒரு மணி நேரத்துல நாம அதுக்குள்ள இருப்போம்ங்கிறது அவங்களுக்குத் தோணாது.

நான் மதுரை செல்லூர். சொந்தமா ஒரு டெம்போ டிராவலர், ஒரு கார். டெம்போ நான் ஓட்டுறேன், காரை என் தங்கச்சி மகன் ஓட்டுறான். கொடைக்கானல், மூணாறு, தேக்கடி, சபரிமலைன்னு எங்க பிழைப்புல பாதி மலை ரோட்டுலதான். அரையாண்டு லீவும் மாலை போடுற சீசனும் ஒண்ணா வர்ற இந்த மாசங்கள்லதான் சவாரி அதிகம். மலை ரோடு ரொம்ப மோசமா இருக்கிறதும் இதே மாசங்கள்லதான். அதனாலதான் இதை எழுதுறேன். வண்டி பேசுறவங்க படிக்கணும், அவங்க வீட்டுப் பெரியவங்களும் படிக்கணும்.

முதல்ல அந்த வெள்ளைப் பட்டை. வடகிழக்குப் பருவமழை அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும். வங்காள விரிகுடாவுல இருந்து ஈரக் காத்து மேற்கு நோக்கி வந்து பழனி மலைத்தொடர்ல முட்டுது. முட்டுற பக்கம் கிழக்குச் சரிவு. வத்தலக்குண்டுல இருந்து ஏறுற காட் ரோடும் அந்தப் பக்கத்துலதான் போகுது. மதுரை கடல் மட்டத்துல இருந்து 100 மீட்டர் சொச்சம். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல. காத்து மேல ஏற ஏற குளிர்ந்துக்கிட்டே போகும். ஒரு உயரத்துல அதுக்கு மேல ஈரத்தைத் தாங்க முடியாம மேகமாயிடும். கீழே இருந்து பார்க்கிறவனுக்கு மேகம், உள்ளே ஓட்டுறவனுக்குப் பனிமூட்டம். ரெண்டும் ஒண்ணுதான்.

இதுல ஆபத்து என்னன்னா, கொடைக்கானல் ஏரிக்கரையில நின்னா வெயில் அடிக்கும். மதுரையில இருக்கிற சொந்தக்காரருக்குப் போன் பண்ணினா அங்கேயும் வெயில்னு சொல்வாரு. நடுவுல மச்சூர், வாழைகிரி, டம்டம் பாறைப் பக்கம் மட்டும் ஒண்ணுமே தெரியாது. மேலயும் வெயில், கீழயும் வெயில்னா நடுவுலயும் அப்படித்தான் இருக்கும்னு பார்ட்டி நம்புறாங்க. போன்ல வர்ற வானிலை ஊருக்குத்தான் சொல்லுது, ரோட்டுக்குச் சொல்லல. 2024 மே 7-ல இருந்து கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேணும்னு ஆயிடுச்சு. சென்னை உயர் நீதிமன்றம் வண்டி எண்ணிக்கையைத் தெரிஞ்சுக்கக் கொண்டுவந்த ஏற்பாடு அது. பாஸ் கிடைச்சதனாலேயே ரோடு நல்லா இருக்குன்னு நினைக்கிறவங்களைப் பார்த்திருக்கேன். பாஸுக்கும் பனிமூட்டத்துக்கும் சம்பந்தமே இல்ல.

ரோட்டு நிலவரம் எனக்கு எங்கே கிடைக்கும்னா, எதிர்ல வர்ற வண்டியில. பெருமாள்மலை டீக்கடையில அஞ்சு நிமிஷம் நின்னா, கீழே இருந்து ஏறி வந்த அரசு பஸ் டிரைவரோ காய்கறி வண்டிக்காரரோ யாராவது டீ குடிக்க வருவாங்க. "அண்ணே, கீழ எப்படி?"ன்னு கேட்டா ரெண்டு வார்த்தையில சொல்லிடுவாங்க. அந்த ரெண்டு வார்த்தைக்கு மேல எதையும் நான் நம்புறதில்ல.

போன கார்த்திகையில ஒரு நாள். திருநகர்ல இருந்து ஒரு குடும்பம், பெரியவர், அவர் வீட்டம்மா, மகன், மருமகள், பேரப்பிள்ளைங்க. சாயங்காலம் கீழ இறங்கி, மகனை மட்டும் கொடைரோடு ஸ்டேஷன்ல ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல ஏத்திவிடணும், மறுநாள் அவனுக்குச் சென்னையில வேலை. காலையிலேயே சொன்னேன், மூணு மணிக்கெல்லாம் கொடைக்கானலை விட்டுக் கிளம்பிடணும்னு. படகுத்துறையில கூட்டம், சாக்லேட் கடையில கூட்டம்னு கிளம்ப அஞ்சரை ஆயிடுச்சு. பெருமாள்மலை வந்தப்ப தூறல். டீக்கடையில நிறுத்தினேன். ஏறி வந்த பஸ் டிரைவர் கண்ணாடியை இறக்கிக் கேட்காமலேயே சொன்னார்: "ஊத்துக்குக் கீழ கண்ணே தெரியல தம்பி. மரம் ஒண்ணு சாய்ஞ்சு பாதி ரோட்டுல கிடக்கு. நான் கிளீனர் பையனை முன்னாடி நடக்கவிட்டு வந்தேன்."

பெரியவர்கிட்ட போய், "ஐயா, இனி இறங்க வேணாம். இங்கேயே ரூம் பார்த்துத் தர்றேன், விடிஞ்சு போவோம்"னேன். அவருக்கு மனசு இல்ல. "தம்பி, இங்கே நிக்கிற இடத்துல நல்லாத்தான தெரியுது? மெல்லப் போனா போயிடலாம். ரயிலுக்கு டிக்கெட் எடுத்தது போயிடும்"னார். மகன், "லீவு கிடையாதுண்ணே, வேலை போயிடும்"னான். அவங்க சொல்றதுல நியாயம் இருக்கு. வேலைக்குப் போறவனுக்கு ரயில் போறது சின்ன விஷயம் இல்ல. அந்த அம்மாதான் வண்டிக்குள்ள இருந்து சொன்னாங்க: "ஓட்டுறவரு வேணாங்குறாரு. அவரைக் கட்டாயப்படுத்தி உட்கார வச்சு ஓட்டச் சொல்லி, நாம பின்னாடி எப்படிங்க கண்ண மூடுறது?" அதோட பேச்சு முடிஞ்சுது. டீக்கடைக்காரர் பக்கத்து வீட்டு மாடியில ரெண்டு அறை எடுத்துக் கொடுத்தார். மகன் அங்கிருந்தே ஆபீசுக்குப் போன் பண்ணினான். காலையில இறங்கும்போது அந்த மரத்தைப் பார்த்தோம். சீகை மரம், வாட்டில்னும் சொல்வாங்க, சரியா ஒரு வளைவு முடியுற இடத்துல கிடந்தது. அதுக்கு முன்னாடியே ஏதோ ஒரு வண்டி பிரேக் அடிச்சு வழுக்கின கோடு, பக்கச்சுவர் வரைக்கும் போயிருந்தது.

சீகை, யூக்கலிப்டஸ், பைன் இதெல்லாம் இந்த மலைக்குச் சொந்த மரம் இல்ல, வெளிநாட்டுல இருந்து கொண்டுவந்து வச்சது. மழையில மண்ணு ஊறிப்போய் அதோட காத்தும் அடிச்சா, குறிப்பா சீகை, வேரோட சாயும். 2018 நவம்பர் 16-ல கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, அன்னைக்கே திண்டுக்கல் மாவட்டத்துக்குள்ள வந்தப்ப, கொடைக்கானல் ரோடு முழுக்க மரம். மேல இருந்தவங்க மேலயே மாட்டினாங்க. கடலோரத்துல புயல் கரையேறுதுன்னா அது நாகப்பட்டினத்துக்காரங்க கவலைன்னு மதுரையில நினைக்கிறோம். அன்னையில இருந்து, வங்கக் கடல்ல தாழ்வு மண்டலம்னு செய்தி வந்தாலே அடுத்த ரெண்டு மூணு நாளைக்கு மலைச் சவாரி ஒத்துக்கிறதில்ல.

பனிமூட்டத்துக்குள்ள மாட்டிக்கிட்டா என்ன செய்யணும்னு பசங்க நிறைய பேருக்குத் தெரியல. பிரைட் போடுறாங்க. பிரைட் போட்டா வெளிச்சம் மேகத்துல பட்டுத் திரும்பி நம்ம கண்ணுலதான் அடிக்கும். டிம்மும் பாக் லைட்டும் போதும். நாலு இண்டிகேட்டரையும் ஒண்ணாப் போட்டுக்கிட்டே ஓட்டுறதும் தப்பு. நீ எந்தப் பக்கம் திரும்பப் போறேன்னு பின்னாடி வர்றவனுக்குத் தெரியாது. வண்டி நின்னாத்தான் அது. மணிக்கு 30 கிலோமீட்டர் ரொம்ப மெதுவுன்னு தோணும், ஆனா அந்த வேகத்துல வண்டி ஒரு நொடிக்கு 8 மீட்டருக்கு மேல போகுது. முன்னாடி 10 மீட்டர்தான் தெரியுதுன்னா, கால் பிரேக்குக்குப் போறதுக்குள்ளயே பார்த்த தூரம் கிட்டத்தட்ட முடிஞ்சு போச்சு. அப்ப 30 கூட அதிகம்தான். முன்னாடி போற வண்டியோட சிவப்பு லைட்டை மட்டும் பார்த்துக்கிட்டே போறதையும் நான் செய்யமாட்டேன். அவன் பள்ளத்துல இறங்கினா நாமளும் இறங்குவோம்.

அப்புறம் காட்டுமாடு. கொடைக்கானலைச் சுத்தி ரோட்டு ஓரத்துலயே மேயும். உடம்பு கறுப்பு, ராத்திரி ஈர ரோட்டுல ரோடும் அதுவும் ஒரே நிறம். முழங்காலுக்குக் கீழ மட்டும் வெள்ளை. நான் தேடுறது அந்த வெள்ளைக் காலைத்தான். ஹாரன் அடிச்சு விரட்டக் கூடாது. லைட்டை டிம் பண்ணிட்டு நிக்கணும், அதுவாப் போகும்.

ஏறுறதை விட இறங்குறதுதான் கஷ்டம். சமவெளியில மட்டும் ஓட்டிப் பழகினவங்க டாப் கியர்ல விட்டுட்டு பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வர்றாங்க. சில பேர் டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல விடுறாங்க. எந்த கியர்ல ஏறினியோ அதே கியர்ல இறங்கணும். அப்பத்தான் இன்ஜினே வண்டியைப் பிடிச்சு வைக்கும். ஓயாம மிதிச்சா பிரேக் சூடேறி லைனிங் பிடிப்பு போயிடும். பிரேக் ஆயில் பழசா இருந்தா இன்னும் மோசம், அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கிட்டே இருக்கும், ஈரம் சேர்ந்த ஆயில் சீக்கிரம் கொதிச்சுடும், மிதிச்சா பெடல் அப்படியே உள்ள போகும். அதனால ஐப்பசிக்கு முன்னாடி என் ரெண்டு வண்டிக்கும் பிரேக் ஆயிலை மாத்திடுவேன், பட்டன் தேய்ஞ்ச டயரையும் கழட்டிடுவேன். கருகின வாடை வந்தா ஓரம் பார்த்து நிறுத்தி ஆற விடணும், தண்ணி ஊத்தக் கூடாது, டிரம் வெடிச்சுடும். எதிர்ல ஒருத்தன் ஏறி வந்தா இறங்குறவன்தான் ஒதுங்கி வழி விடணும். சட்டமும் அதைத்தான் சொல்லுது.

பொங்கலுக்கு முன்னாடி பின்னாடி மழை ஓய்ஞ்சதும் வேற ஒரு குளிர் வரும். வானம் துடைச்ச மாதிரி இருக்கும். பகல் முழுக்க நல்ல வெயில். ராத்திரி மூடுறதுக்கு மேகம் இல்லாததால தரையில இருக்கிற சூடெல்லாம் மேல போயிடும். குளிர்ந்த காத்து கனம், அதனால பள்ளமான இடத்துல போய்த் தங்கும். விடியுறப்ப ஜிம்கானா, கீழ்பூமி, பாம்பார்புரம் பக்கம் புல்லு மேல உறைபனி படிஞ்சிருக்கும், கார் கண்ணாடியில சொரசொரன்னு ஐஸ். கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம் 1899-ல வந்ததுக்கும் இந்தத் தெளிஞ்ச வானத்துக்கும் சம்பந்தம் உண்டு. அங்கே எவர்ஷெட்ங்கிற வெள்ளைக்காரர் சூரியப் புள்ளியில வாயு வெளிப்பக்கம் ஓடுறதைக் கண்டுபிடிச்சது 1909 ஜனவரியில. பகல்ல அவருக்குச் சூரியனைக் காட்டின அதே ஜனவரி வானம்தான் ராத்திரி புல்லை உறைய வைக்குது. இது தெரிஞ்ச நாள்ல இருந்து ஜனவரியில அந்த மலை மேல எனக்கு ஒரு தனி மரியாதை.

உறைபனி பார்க்கணும்னு ராத்திரி பத்து மணிக்கு மதுரையில கிளம்பி விடியக்காலை மேல போய்ச் சேரணும்னு கேட்கிறவங்க இப்ப அதிகம். அந்த ரீல்ஸ் பார்த்துட்டுக் கேட்கிறாங்க. நான் ஒத்துக்கிறதில்ல. முதல் நாள் மதியமே போய்த் தங்கி விடியக்காலை நடந்து போய்ப் பாருங்கன்னு சொல்வேன்.

தங்குறதைப் பத்திப் பேசும்போது டிரைவர் எங்கே தங்குறான்னு யாராவது கேட்டிருக்கீங்களா? மதுரையில ஜனவரி ராத்திரி 20 டிகிரிக்கே போர்வை தேடுற ஆளு, 8, 9 டிகிரியில வண்டி சீட்டுல காலை மடக்கிப் படுத்துக் கிடக்கிறான். விடிஞ்சா பத்துப் பேர் உயிரை வச்சுக்கிட்டு அவன்தான் இறங்கணும். ஓட்டல்ல டிரைவர் தங்க இடம் இருக்கணும்னு தமிழ்நாடு அரசு 2023-ல கட்டட விதியைத் திருத்திச்சு. நல்ல காரியம். ஆனா பழைய லாட்ஜ்கள்ல இன்னமும் "டிரைவர் வண்டியிலேயே படுத்துக்கட்டும்"தான். குளிர் தாங்காம கண்ணாடியை மூடி, இன்ஜினை ஓடவிட்டு ஹீட்டர் போட்டுத் தூங்குறவங்களும் இருக்காங்க. புகை உள்ள வந்தா எழுந்திருக்கவே மாட்டாங்க. மூடின ரூம்ல, டென்ட்டுக்குள்ள அடுப்புக்கரி மூட்டி வச்சுட்டுத் தூங்குறதும் அதே சாவுதான். ஆளைக் கொல்ற கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாடையே கிடையாது. கரி அடுப்பு வாசலுக்கு வெளியதான் இருக்கணும், தணல் அடங்கிடுச்சுன்னாலும் உள்ள எடுத்துட்டு வரக் கூடாது.

மத்த ரோடுகளைப் பத்தி நாலு வார்த்தை. பெரியகுளத்துல இருந்து அடுக்கம் வழியா பெருமாள்மலைக்கு ஏறுற ரோடு தூரம் கம்மின்னு மேப் காட்டும். குறுகல், மழைன்னா மண் சரியும். ஐப்பசி கார்த்திகையில அந்தப் பக்கம் போகாதீங்க. பழனி ரோட்டுலயும் சவரிக்காடு பக்கம் கவனமா இருக்கணும். மலைச்சுவர்ல இருந்து தெளிஞ்சு ஓடிக்கிட்டிருந்த தண்ணி திடீர்னு செம்மண்ணாக் கலங்கினாலோ, பொடிக்கல்லு உதிர்ந்துக்கிட்டே இருந்தாலோ, அங்கே நின்னு போட்டோ எடுக்காம வெளியேறணும்.

போடிமெட்டு என் மனசுக்கு ரொம்பக் கஷ்டமான ரோடு. 17 கொண்டை ஊசி வளைவு. சுற்றுலாப் போறவங்க வருஷத்துல ஒரு தடவை போறாங்க. போடியில இருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போற பொம்பளைங்க தினமும் விடியறதுக்கு முன்னாடி ஜீப்புல போறாங்க, இருட்டுறப்ப திரும்பி வர்றாங்க. ஏத்தக் கூடாத அளவுக்கு ஆளை ஏத்திக்கிட்டு, பனிமூட்டத்துல, பாறை உருண்டு விழுற ரோட்டுல. பத்து மணிக்குக் கிளம்புங்கன்னு அவங்ககிட்ட நான் சொல்ல முடியாது. வேலை நேரத்தை முடிவு பண்றவங்க மழைக்காலத்துல ஒரு மணி நேரம் தள்ளி ஆரம்பிச்சு, ஒரு மணி நேரம் முன்னாடி விடணும். விடியவும் வேணும், இருட்டாமலும் இருக்கணும்.

குமுளி ரோட்டுல சபரிமலை சீசன்ல கம்பம்மெட்டு வழியாப் போய் குமுளி வழியாத் திரும்புற மாதிரி ஒருவழி ஆக்குவாங்க. கூட்டத்துக்கு அது பெரிய உதவி. ஆனா திரும்புற சாமிமார்களோட வண்டி எதுன்னு பாருங்க. முதல் நாள் கிளம்பின டிரைவர், நிலக்கல் பார்க்கிங்ல அரைத் தூக்கம், உடனே திரும்பல். 2022 டிசம்பர் 23 ராத்திரி ஆண்டிபட்டிப் பக்கத்துச் சாமிமார்கள் சபரிமலையில இருந்து திரும்பும்போது குமுளி இறக்கத்துல வண்டி கவிழ்ந்து எட்டுப் பேர் போனாங்க. வீட்டுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். அந்த வளைவைத் தாண்டும்போது இப்பவும் நான் பாட்டை நிறுத்திடுவேன். குருசாமிகள்கிட்ட நான் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கிறது ஒண்ணு: தரிசனம் முடிஞ்சதும் டிரைவர் நாலு மணி நேரமாவது படுத்து எழுந்த பிறகு வண்டியை எடுக்கச் சொல்லுங்க. இல்லைன்னா குட்டிக்கானத்துலயோ குமுளியிலயோ ராத்திரி தங்கிட்டு விடிஞ்சு இறங்குங்க.

எதிலாவது மாட்டிக்கிட்டா 108, 112 எல்லாருக்கும் தெரியும். 1077 மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை. ரோடு அடைபட்டிருக்கா திறந்தாச்சான்னு அங்கே கேட்கலாம். மலையில பல வளைவுல சிக்னல் கிடைக்காது, அதனால ஏறுறதுக்கு முன்னாடி காமக்காபட்டியிலயே கேட்டுக்கோங்க.

போன வாரம் தங்கச்சி மகன் மேல இருந்து போன் பண்ணினான். "மாமா, பார்ட்டி இப்பவே இறங்கணும்ங்கிறாங்க. மணி ஆறாச்சு, வெயிட்டிங் காசு ஏறுதுன்னு சண்டை." அவங்ககிட்ட போனைக் கொடுக்கச் சொல்லிப் பேசினேன். பனிமூட்டத்துக்காக, மழைக்காக வண்டி நிக்கிற நேரத்துக்கு எங்க வண்டியில வெயிட்டிங் வாங்குறதில்ல, ராத்திரி தங்கினா டிரைவர் பேட்டாவையும் நானே கொடுத்துடுறேன், அவனுக்குப் படுக்க ஒரு இடம் மட்டும் நீங்க பார்த்துக் கொடுங்கன்னேன். ரெண்டு நிமிஷத்துல ஒத்துக்கிட்டாங்க. ரோட்டு மேல பயம் இல்லாமப் போகல, காசுதான் அவசரப்படுத்திச்சு. மறுநாள் காலையில அந்தக் காருக்கு ஏர்போர்ட் சவாரி ஒண்ணு இருந்தது. அதை இன்னொரு வண்டிக்கு மாத்திவிட்டேன். ஐப்பசியில இருந்து தை வரைக்கும், மலைக்குப் போன வண்டிக்கு மறுநாள் காலையில சவாரி போடாம வைக்கணும்னு இப்ப முடிவு பண்ணிட்டேன். வருமானம் குறையும்தான். செல்லூர்லயும் ஆரப்பாளையத்துலயும் வண்டி வச்சிருக்கிற மத்த ஓனர்கள்கிட்டயும் இதைப் பேசிக்கிட்டிருக்கேன், ரெண்டு பேர் சரின்னு சொல்லியிருக்காங்க. நீங்க எங்கே வண்டி பேசினாலும் அட்வான்ஸ் கொடுக்கிறப்பவே இதைக் கேட்டு எழுதி வாங்கிக்கோங்க: மழை, பனிமூட்டத்துக்கு நின்னா வெயிட்டிங் உண்டா, மறுநாள் காலையில அந்த டிரைவருக்கு வேற சவாரி இருக்கா, அவர் ராத்திரி எங்கே படுப்பார்.